பூ உப்பின் சாட்சி

தங்கபுஷ்பத்தைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டது எதிர்த்தரப்பு நாடான வடபுலத்தார்தான். சொந்த நாட்டு வக்கீலுக்கு அவள் ஞாபகமே வரவில்லை. வந்திருந்தாலும் கூப்பிட்டிருக்க மாட்டார். வெண்திட்டுத் தீவில் ஞானதுரையின் மகளை நல்ல காரியத்துக்கு அழைக்கும் வழக்கம் அவள் பிறந்த நாளிலிருந்தே கிடையாது. அவளுக்கு இப்போது ஐம்பது வயது.

அழைப்பாணையைக் கொண்டுவந்த லூர்துமேரி உள்ளூர்ப் பெண், தீர்ப்பாயத்தில் எழுத்தர். உப்பளத்து வரப்பிலேயே கையெழுத்து வாங்கிக்கொண்டாள்.

"ஏட்டி, அம்பத்திமூணு வருசத்துக்கு முந்தி மொதக் குண்டை யாரு போட்டாங்கிறது இன்னைக்கு எதுக்கு?" என்று கேட்டாள் தங்கபுஷ்பம்.

"அதுலதான் சித்தி எல்லாம் இருக்கு. நம்மதான் மொதல்ல சுட்டோம்னு முடிவாச்சுன்னா, 'முன்ன கைநீட்டுன ஊரு, மறுபடியும் நீட்டும்'னு சொல்லி அவுக கப்பல இங்கனயே நிறுத்திக்கிடலாம். சட்டம் எடங்கொடுக்கு. அப்ப அதுக்குப் பேரு படையெடுப்பு இல்ல, பாதுகாப்பு."

"பேரு மாறுனா குண்டு மாறுமா?"

"குண்டு மாறாது. ஏன்னு கேக்கதுக்கு ஒருத்தனும் வரமாட்டான்."

தங்கபுஷ்பம் கடலைப் பார்த்தாள். வடபுலத்தின் பதினேழு போர்க்கப்பல்கள் ஒரு மாதமாக அங்கேயே நின்றன. கிளம்பவும் இல்லை, நெருங்கவும் இல்லை. உலகத்துச் சரக்கில் பாதி போகும் நீரிணை அது. அதன் வாசலில் உட்கார்ந்திருப்பதுதான் வெண்திட்டு செய்த ஒரே குற்றம்.

நடந்தது இதுதான். இரண்டாயிரத்து எழுபத்தொன்றாம் ஆண்டு, பங்குனி மாதத்து உச்சிவெயில். உப்பு வாரிக்கொண்டிருந்த நாற்பத்தொரு பேர் கப்பல் குண்டு விழுந்து பாத்திகளிலேயே செத்தார்கள். ஒரு மாதத்தில் வடபுலம் தீவைப் பிடித்தது, மூன்று வருடம் ஆண்டது, பிறகு உலகம் சத்தம் போட்டதும் விட்டுவிட்டுப் போனது. இதுவரை யாருக்கும் தகராறு இல்லை. தகராறெல்லாம் அந்த உச்சிவேளையில் யார் கை முதலில் எழுந்தது என்பதில்தான்.

'கரையிலிருந்து சுட்டார்கள், நாங்கள் திருப்பிச் சுட்டோம்' என்றது வடபுலத்துப் பாடப்புத்தகம். 'ஒரு தோட்டாவும் சுடாத மண்ணில் வீழ்ந்த நாற்பத்தொருவர்' என்றது வெண்திட்டின் நினைவுக்கல். இரண்டுக்கும் நடுவில், இரண்டு பேருக்கும் பிடிக்காத ஒரு வாக்குமூலத்தைக் கொடுத்துத் தொலைத்தவர் ஞானதுரை. அன்று அவர் இருபத்துநாலு வயதுக் கரைக்காவலர். போர் முடிந்து நடந்த விசாரணையில் அவர் சொன்னது இவ்வளவுதான்: "ஆமா, சுட்டோம். அவுக குண்டு விழுந்து நாப்பத்தொரு பேரு செத்த பெறகு சுட்டோம்."

வடபுலத்தார் முதல் இரண்டு வார்த்தையை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டார்கள். தீவுக்காரர்கள் வெட்டவில்லை, மொத்தத்தையும் தூக்கி எறிந்தார்கள். சுடவே இல்லை என்று உலகம் முழுக்கச் சொல்லி அழுது, அந்த அழுகையால்தான் விடுதலையே கிடைத்தது என்று நம்பிய ஊர் அது. அதில் போய் ஒருவன் 'சுட்டோம்' என்றால் விடுவார்களா? "வேற யாருல சுட்டா? பேரைச் சொல்லு" என்று உப்பளச் சங்கத்தில் நிறுத்திக் கேட்டார்கள். அவர் வாயைத் திறக்கவில்லை. துரோகி என்று பெயர் விழுந்தது. வேலை போனது. ஆறு வருடத்துக்கு முன் அவர் செத்தபோது சவப்பெட்டியைத் தூக்க நான்கு பேர் சேரவில்லை. தங்கபுஷ்பமும் ஒரு முனையைத் தூக்கினாள்.

அந்த எரிச்சல் அவளுக்குள் இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்று அவள் ஆசைப்படவும் இல்லை.

*

எந்த மண்ணுக்காக வழக்கோ அந்த மண்ணிலேயே உட்கார்ந்து கேட்பது கடல்வழித் தீர்ப்பாயத்தின் விதி. தீவில் பெரிய கட்டடம் மீன் ஏலக் கூடம் ஒன்றுதான். தரையை எத்தனை முறை கழுவியும் போகாத வாடைக்கு ஐந்து நீதிபதிகளும் முதல் நாள் மூக்கைச் சுளித்தார்கள், மூன்றாம் நாள் மறந்துவிட்டார்கள். காதில் எல்லோருக்கும் மொழிபெயர்க்கும் கருவி. முன்வரிசையில் உப்பளச் சங்கத் தலைவர் பிச்சையா, எழுபத்தாறு வயது, வெள்ளை வேட்டி. ஒவ்வொரு பங்குனியிலும் நினைவுக்கல் முன் மேடையேறி 'ஒரு தோட்டாகூட' என்று தொடங்கிப் பேசுகிறவர் அவர்தான்.

வடபுலத்தின் வக்கீல் ஹார்டன் நெட்டையான ஆள். தங்கபுஷ்பம் கூண்டில் ஏறியதும் பழைய ஒலிப்பதிவு ஒன்றை ஓடவிட்டார்.

"ஆமா, சுட்டோம்."

அப்பாவின் குரல். இளம் வயதுக் குரல்.

"இது உங்கள் தந்தையின் குரலா? ஆம் அல்லது இல்லை."

"ஆமா. ஆனா அதுக்கு அடுத்தாப்ல..."

"ஆம் அல்லது இல்லை மட்டும் போதும்."

"ஆமா" என்றாள். பின்னால் கூட்டத்திலிருந்து "துரோகி மவ" என்று ஒருவன் முணுமுணுத்தான். மொழிபெயர்ப்புக் கருவி அதையும் பொறுப்பாக ஐந்து நீதிபதிகளின் காதிலும் ஓதியிருக்க வேண்டும். தலைமை நீதிபதி அமோயா நிமிர்ந்து பார்த்தார்.

அவளை அங்கேயே உட்காரவைத்துவிட்டு ஹார்டன் தன் அடுத்த சாட்சியை எழுப்பினார். வெல்கின் என்ற விஞ்ஞானி, சுருங்கிய கோட்டும் கவலைப்பட்ட முகமுமாக இருந்தார். அவர் பக்கத்தில் தையல் மெஷின் அளவில் ஒரு பெட்டி. உப்புச்செவி என்று உலகம் அதைச் சொன்னது.

"உப்புக் கல் ஒரேயடியாக உருவாவதில்லை" என்றார் வெல்கின். "தகடு தகடாக வளர்கிறது. வளரும்போது பக்கத்தில் வெடிச்சத்தம் எழுந்தால், அந்த நேரத்துத் தகட்டில் மயிரிழை போல ஒரு வடு விழும். உள்ளே நுண்ணிய குமிழ்கள். பெரிய பீரங்கி என்றால் தடித்த வடு. கைத்துப்பாக்கி, ஒற்றைக்குழல் என்றால் மெல்லிய வடு. ஆயிரம் வருடம் ஆனாலும் அழியாது. எனக்கு எந்தக் கட்சியும் கிடையாது. உப்பு சொல்வதைத்தான் சொல்கிறேன்."

"எந்த உப்பு?" என்றார் நீதிபதி அமோயா.

"அன்று ஆட்கள் விழுந்த பதினேழாம் பாத்தியின் உப்பு. இந்த ஊர்க்காரர்களே ஒரு சட்டியில் மூடிவைத்திருந்தார்கள். ஆட்சிக் காலத்தில் எங்கள் அருங்காட்சியகத்துக்கு வந்தது."

தங்கபுஷ்பம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அது அப்பா அள்ளிய சட்டி. பிடுங்கிக்கொண்டு போனார்கள் என்று அம்மா சொல்லிச் சொல்லி மாய்ந்த சட்டி. 'வந்தது' என்கிறார், அதற்குக் கால் முளைத்ததுபோல.

திரையில் ஒரு கல்லின் படம் விரிந்தது. சதுரமான அடி, மேலே போகப் போகப் படிப்படியாகச் சிறுத்து ஒரு முனையில் முடியும் கோபுரம். வெல்கின் சுட்டிக்காட்டினார். அடியை ஒட்டி ஒரு மெல்லிய கோடு. அதற்கு மேலே, உச்சியின் பக்கமாக, ஒரு தடித்த கோடு.

"பாத்தியின் தரையில் உட்கார்ந்து உப்பு மேல்நோக்கி வளர்கிறது. ஆகவே அடி முந்தியது, உச்சி பிந்தியது. முதலில் சிறிய துப்பாக்கி. பிறகுதான் கப்பல் பீரங்கி."

ஹார்டன் சன்னல் வழியே தன் நாட்டுக் கப்பல்களை ஒருமுறை திருப்தியாகப் பார்த்துக்கொண்டார்.

தங்கபுஷ்பம் படத்தையே பார்த்தாள். பத்து வயதிலிருந்து உப்பில் நிற்பவள். கழுத்தைச் சாய்த்துப் பார்த்தாள், இன்னும் சாய்த்துப் பார்த்தாள். பிறகு தன்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டாள்.

"ஐயா, ஒங்க படம் தலைகீழா நிக்கி."

சிலர் சிரித்தார்கள். ஹார்டன் எதிர்ப்புத் தெரிவித்தார். வெல்கின் மட்டும் சிரிக்கவில்லை. சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு சாட்சி விளக்கம் சொல்லலாம் என்றார் நீதிபதி.

*

இடைவேளையில் தீவின் வக்கீல் சிற்றம்பலம் அவளைத் தேடி ஓடிவந்தார். தலைநகரத்தில் படித்து, நாற்பது வயதுக்குள் தலைவழுக்கையும் நல்ல பேரும் சம்பாதித்தவர். ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால் அவளை நிறுத்தி, "அக்கா, தலைகீழ்னு சொன்னீங்களே, நிச்சயமாவா?" என்றார்.

"அது பூ உப்புங்க. தரை உப்பு இல்ல. காத்து அடங்கி வெயிலு ஏறுனா தண்ணி மேலதான் மொதல்ல பூக்கும். ஒரு புள்ளி விழும். கனத்துல அது ஒரு இழை கீழ எறங்கும். எறங்குனதும் அதச் சுத்தித் தண்ணி மட்டத்துல அடுத்த வரிசை கட்டும். மறுபடி எறங்கும், மறுபடி கட்டும். கலசம் மொதல்ல, அடித்தளம் கடைசியில. கோபுரம் தலைகீழாத் தொங்கிக்கிட்டே வளரும்."

"சட்டியில இருந்தது தரை உப்பு இல்லேன்னு எப்படித் தெரியும்?"

தங்கபுஷ்பம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். நகரத்துப் பிள்ளை, பாவம்.

"ஆளு விழுந்த பாத்தியில அந்த வருசம் எவனாச்சும் காலு வைப்பானா? வாருபலகை எறங்குமா? வரப்புல குனிஞ்சு, காத்து ஒதுக்குற பூ உப்பைத்தான் அன்னைக்கே கையால அள்ளி, செத்தவுக ஞாபகமா மூடி வைக்கது. விக்க மாட்டோம், கொழம்புல போட மாட்டோம். தரை உப்பு அந்தச் சட்டிக்குள்ள வரவே வராது. அவருக்கு அது தெரியல. நம்மட்ட யாரும் கேக்கவும் இல்ல."

சிற்றம்பலத்தின் முகம் மலர்ந்தது, மறுகணமே வாடியது.

"அப்ப தடித்த கோடு முந்தி, மெல்லிய கோடு பிந்தி. அவங்கதான் முதல்ல சுட்டாங்க. ஆனா அக்கா, எப்படித் திருப்பி வச்சாலும் அந்த மெல்லிய கோடு இருக்கே. நாமளும் சுட்டோம்னு ஆகுது."

"சுட்டோம்தான?"

"நினைவுக்கல்லுல என்ன எழுதியிருக்கு? அம்பது வருசமா உலகத்துக்கு என்ன சொல்லியிருக்கோம்? இந்த மெஷினே மோசடின்னு வாதாடத்தான் எனக்கு உத்தரவு. நீங்க மெஷின் சரி, வச்சவர்தான் தப்புன்னு சொன்னா என் வாதமே போச்சு."

"ஒங்க வாதம் எடுபடுமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "படாது. உலகத்துல பதினோரு நீதிமன்றம் அந்த மெஷினை ஏத்துக்கிட்டாச்சு."

"பெறவு என்ன? அடிச்சவனத் திருப்பி அடிச்சது குத்தமா சட்டத்துல?"

"குத்தம் இல்ல. முதல்ல அடிச்சதுதான் குத்தம்."

"அப்ப எதுக்குய்யா இத்தன வருசம் எங்கப்பாவ..." அவளால் முடிக்க முடியவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது குரல் தெளிந்திருந்தது. "அவுக பாதியச் சொல்லிக் கப்பல கொண்டாந்து நிறுத்திட்டாக. நம்ம முழுசையும் மறைச்சு அவுகளுக்கு அந்தப் பாதிய எடுத்துக் கொடுத்துட்டோம். நான் முழுசாச் சொல்லப் போறேன். நீங்க தடுக்கணும்னா இப்பவே தடுங்க."

சிற்றம்பலம் ஐஸ் பெட்டியின் மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். வேட்டி நனைவதுகூடத் தெரியாமல் இருந்தார். பிறகு எழுந்து, "நான் கேள்வி கேக்கறேன் அக்கா. நீங்க சொல்லுங்க" என்றார்.

*

அவள் சொன்னதை நீதிபதிகள் கவனமாகக் கேட்டார்கள். ஹார்டன் எழுந்து, உப்பு வாரும் பெண்ணின் பேச்சை அறிவியலுக்கு எதிராக வைக்க முடியாது என்றார்.

"பேச்சு வேண்டாம்னா விடுங்க" என்றாள் தங்கபுஷ்பம். "நாளைக்கு மத்தியானம் அளத்துக்கு வாங்க. ஒங்க மெஷினத் தூக்கிட்டு வாங்க. பெரிய வெடி ஒண்ணு, சின்ன வெடி ஒண்ணு போடுவோம். எது முந்தினு ஒங்க காதாலயே கேட்டுக்கிடுங்க. பெறவு உப்பு என்ன சொல்லுதுன்னு பாப்போம்."

ஹார்டன் மறுக்க வாயெடுத்தார். அதற்குள் வெல்கின் எழுந்து, "நான் சம்மதிக்கிறேன்" என்றுவிட்டார். தன் வக்கீலின் முகத்தை அவர் பார்க்கவே இல்லை.

மறுநாள் ஊரே உப்பளத்தில் கூடியது. வெயில் மண்டையைப் பிளந்தது. காற்று பதினொரு மணிக்கு அடங்கியது. பாத்தித் தண்ணீரின் மேல் பொட்டுப் பொட்டாகப் பூ உப்பு விழத் தொடங்கியதைத் தங்கபுஷ்பம் குனிந்து காட்டினாள். நீதிபதி அமோயா செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் குந்தி உட்கார்ந்து பார்த்தார்.

பன்னிரண்டு பத்துக்கு, துறைமுகம் ஆழப்படுத்த வைத்திருந்த வெடியைக் கடல் ஓரத்தில் வெடித்தார்கள். பாத்தித் தண்ணீர் நடுங்கியது. அமோயா நேரத்தைத் தன் கையால் எழுதிக்கொண்டார்.

அடுத்தது சிறிய வெடி. அதற்கு அந்தக் காலத்துக் கரைக்காவல் துப்பாக்கி ஒன்றைக் காவல் நிலையத்திலிருந்து இன்ஸ்பெக்டர் எண்ணெய் போட்டுக் கொண்டுவந்திருந்தார். உப்புக்காற்றில் மக்கர் செய்யக் கூடாது என்று அந்தக் காலத்தில் செய்த ஒற்றைக்குழல். ஒவ்வொரு குண்டையும் கையால் அடைக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் அதைத் திறக்கப் பார்த்தார், திருகினார், தட்டினார், தொடையில் வைத்து அமுக்கினார். துப்பாக்கி அசையவில்லை. கூட்டத்தில் கேலி தொடங்கியது.

"இங்க கொண்டாரும்வே" என்று ஒரு கை நீண்டது. பிச்சையா. துப்பாக்கியை வாங்கிப் பூட்டை இடது கட்டைவிரலால் நெம்பி, குழலை மடக்கி, குண்டை இறக்கி, மூடினார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கண் துப்பாக்கியைப் பார்க்கவே இல்லை, கடலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. பன்னிரண்டு நாற்பதுக்கு வானத்தைப் பார்த்துச் சுட்டார். கொடுத்துவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டார்.

தங்கபுஷ்பம் அவர் போன திக்கையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அதற்குமேல் யோசிக்க நேரமில்லை.

மூன்று மணிக்கு அவள் வரப்பில் குனிந்து, ஒதுங்கிய பூ உப்பில் ஒரு கை அள்ளி வெல்கினிடம் நீட்டினாள். அவர் ஒரு கல்லைத் தேர்ந்து, நேற்று வைத்தது போலவே சதுர அடி கீழே இருக்கும்படி பெட்டிக்குள் வைத்தார். திரையில் கோபுரம் எழுந்தது. அடியை ஒட்டி மெல்லிய கோடு. உச்சியில் தடித்த கோடு.

பெட்டி தன் முடிவைத் தானே வாசித்தது: முதலில் சிறியது. பின்னர் பெரியது.

ஆயிரம் பேர் தங்கள் காதால் கேட்டதற்கு நேர்மாறாக ஒரு மெஷின் சொல்வதைக் கேட்டு முதலில் யாருக்கும் ஒன்றும் ஓடவில்லை. பிறகு எங்கோ ஒரு பெண் கெக்கலித்துச் சிரித்தாள். சிரிப்பு வரப்பு வரப்பாகப் பரவியது. நீதிபதி அமோயா தான் எழுதிவைத்த நேரத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டார்.

வெல்கின் பெட்டியைத் திறந்தார். கல்லை எடுத்துத் தலைகீழாகத் திருப்பி வைத்தார். இப்போது மெஷின் சரியாகச் சொன்னது.

"எங்கள் நாட்டில் சுரங்க உப்புதான்" என்றார் அவர், மெதுவாக. "பாத்தி உப்பைச் சோதிக்க ஆய்வகத்தில் தொட்டி கட்டி, தரையில் வளர்த்துப் பார்த்தேன். தண்ணீர் மேல் மிதந்து வளரும் என்பது புத்தகத்தில் இருக்கிறது, படித்தும் இருக்கிறேன். ஆனால் சட்டிக்குள் அந்த உப்புதான் இருக்கும் என்று எனக்குச் சொல்ல அங்கே யாரும் இல்லை. தவறு என்னுடையது." பிறகு தங்கபுஷ்பத்தை நோக்கித் திரும்பி, "உங்கள் தந்தை சொன்ன முழு வாக்கியத்தையும் எனக்குக் கொடுக்கவும் இல்லை" என்றார்.

"கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன்லா" என்றாள் அவள்.

வெல்கின் தன் பையிலிருந்து பழைய உப்புக்கல்லை எடுத்தார். எல்லோரும் பார்க்க அதைத் திருப்பிப் பெட்டிக்குள் வைத்தார். தடித்த வடு முந்தி. மெல்லிய வடு பிந்தி. கூட்டத்திலிருந்து எழுந்த சத்தம் கப்பல்கள் வரை கேட்டிருக்கும். சிற்றம்பலம் வக்கீல் என்பதை மறந்து இன்ஸ்பெக்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தார். லூர்துமேரி ஓடிவந்து தங்கபுஷ்பத்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். நேற்று முணுமுணுத்தவனும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்திருப்பான். இன்று கத்தியவர்களில் அவன் குரலே பெரிதாக இருந்திருக்கும். ஊர் அப்படித்தான்.

அந்த ஆரவாரத்தின் நடுவே வெல்கின் திரையை இன்னும் பெரிதாக்கிக்கொண்டிருந்தார். "ஒரு நிமிடம்" என்றார். யாருக்கும் கேட்கவில்லை, தங்கபுஷ்பத்துக்கு மட்டும் கேட்டது.

"இந்த மெல்லிய கோடு ஒன்றல்ல. மூன்று. சில நொடி இடைவெளியில், ஒட்டி ஒட்டி விழுந்திருக்கின்றன. அந்தத் துப்பாக்கியை மறுபடி நிரப்ப எவ்வளவு நேரம் ஆகும் என்று இப்போது பார்த்தோம். ஒருவர் மூன்று முறை சுட்டிருக்க முடியாது. அன்று மூன்று பேர் சுட்டிருக்கிறார்கள்."

அவள் திரையைப் பார்த்தாள். நெருக்கமாக மூன்று இழை. அவற்றில் ஒன்று அப்பாவுடையது.

*

பத்தாம் நாள் தீர்ப்பு வந்தது. முதலில் சுட்டது வடபுலம். கரையிலிருந்து பின்னர் சுட்டது தற்காப்பு. ஐந்து பேரும் ஒரே தீர்ப்பு. பழைய போரைக் காரணம் காட்டி நீரிணையில் படை நிறுத்த வடபுலத்துக்கு எந்த உரிமையும் இல்லை. வாக்குமூலத்தைப் பாதியாக வெட்டித் தாக்கல் செய்ததற்குத் தனியாக ஒரு பத்தியில் கண்டனம். ஹார்டன் அதைக் கேட்டுக்கொண்டே காகிதங்களை அடுக்கினார், பொறுமையாக, ஓரம் பிசகாமல்.

தீர்ப்பு வந்த மூன்றாம் நாள் பகல் பதினொரு மணிக்குப் பதினேழு கப்பலும் மூக்கைத் திருப்பின. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டார்கள். தீவு முழுக்கக் கரையில் நின்று, கடைசிக் கப்பலின் புகை மறையும்வரை கைதட்டியது. தங்கபுஷ்பமும் தட்டினாள், உள்ளங்கை எரியும்வரை தட்டினாள். அவளுக்கு இப்படியொரு பகல் வாழ்நாளில் வாய்த்ததில்லை. தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் வந்து கையைப் பிடித்தார்கள். 'ஞானதுரை அண்ணன் மவ' என்று சொன்னார்கள். அண்ணன்! ஐம்பது வருடமாக எங்கே வைத்திருந்தார்களோ அந்த வார்த்தையை.

நினைவுக்கல்லை என்ன செய்வது என்று அரசாங்கம் குழு போட்டது. சிற்றம்பலம் அவளைத் தேடி வந்து, 'முதலில் சுடாத மண்' என்று மாற்றினால் போதுமா என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றாள்.

யோசிக்க வேண்டிவரவில்லை. அன்று மாலையே பிச்சையா உப்பளத்துக்கு வந்தார். தனியாக, ஆள் அம்பு இல்லாமல். அவள் வாருபலகையைக் கீழே போடவில்லை. அவரும் உட்காரவில்லை.

"அன்னைக்கு மூணு பேரு சுட்டோம்மா" என்றார்.

"தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"நீங்க துப்பாக்கியத் தொறந்தப்ப."

"நான், ஒங்கப்பன், செத்துப்போன அருளப்பன், மூணு பேருமே அப்பக் கரைக்காவல். என் தம்பி பதினேழாம் பாத்தியில கெடக்கான், எனக்குக் கண்ணு தெரியல, சுட்டேன். விசாரணையில ஒங்கப்பன் போயி ஒடச்சுச் சொல்லிட்டான். ஊரு கொதிச்சுது. நான் பயந்துட்டேன். அவன் என் பேரைச் சொல்லிருவான், சொல்லிருவான்னு ஒவ்வொரு நாளும் காத்துக்கெடந்தேன். சாகுற வரைக்கும் சொல்லல. அந்தப் பயத்துலதான் மேடையில கத்துனேன், ஒரு தோட்டாகூட இல்லன்னு. வருசா வருசம் கத்துனேன்."

தங்கபுஷ்பத்துக்கு அவரை அடிக்க வேண்டும் போல் இருந்தது. நான்கு பேர் சேராத அந்தப் பெட்டியின் கனம் இன்னும் அவள் தோளில் இருந்தது. அதே சமயம், தன் அப்பா எவ்வளவு பெரிய மனிதர் என்பது அந்தக் கணத்தில்தான் அவளுக்கு முழுதாகத் தெரிந்தது. உண்மையைச் சொல்லவும் தெரிந்திருந்தது, அடுத்தவன் பெயரைத் தனக்குள்ளே வைத்துக்கொள்ளவும் தெரிந்திருந்தது. பெருமையில் அவளுக்குக் கண் நிறைந்து வழிந்தது.

"என்ன செய்யணும்னு சொல்லு தாயி, செய்யுதேன்."

"எங்கிட்ட சொன்னா பத்தாது பெரியப்பா. வார பங்குனிக்கும் நீங்கதான மேடையேறுவீய? அங்க சொல்லுங்க. முழுசாச் சொல்லுங்க."

பங்குனி வந்தது. பழைய கல்லை எடுத்துவிட்டுப் புதிய கல் நட்டிருந்தார்கள், துணி போர்த்தியிருந்தது. பிச்சையா மேடையேறினார். வழக்கமாக 'ஒரு தோட்டாகூட' என்று தொடங்கும் இடம் வந்ததும் நின்றார். மைக்கைக் கையால் பிடித்துக்கொண்டார். பிறகு தொடங்கினார், எடுத்த எடுப்பிலேயே உரத்து, ஒரு இடத்திலும் விட்டுவிடாமல்:

"ஆமா, சுட்டோம். அவுக குண்டு விழுந்து நாப்பத்தொரு பேரு செத்த பெறகு சுட்டோம். இதச் சொன்னது ஞானதுரை. சுட்டதுல நானும் ஒருத்தன்."

அவர் துணியை இழுத்தார். நாற்பத்தொரு பெயருக்குக் கீழே அந்த வாக்கியம் முழுதாக இருந்தது, சொன்னவரின் பெயரோடு. கூட்டத்தில் யாரும் கைதட்டவில்லை. ஒருவர் பின் ஒருவராக எழுந்து நின்றார்கள், கடைசி வரிசைவரை. முன்வரிசையில் உட்கார இடம் கொடுத்திருந்தார்கள் தங்கபுஷ்பத்துக்கு. அவளும் எழுந்தாள்.